நான் இல்லாத படங்களில் நான்

ஒரு வருஷம் போகாமலே போய்விட்டு வருவது என்று முடிவு செய்தேன்.

ஏதோ ஞானி பேச்சு மாதிரி இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நான் ஞானி இல்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். பெயர் லவெல் யென்சன். நான் போகாமல் போக வேண்டியிருந்த இடம், என் மனைவி ஜெனீலின் பிறந்த வீட்டார் ஆகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை நடத்தும் குடும்பக் கூட்டம்.

அமெரிக்காவில் எங்கள் யூட்டா மாநிலத்தில் குடும்பக் கூட்டம் என்றால் நாலு நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவது இல்லை. ஜெனீலின் கொள்ளுத் தாத்தா சாரன்சன் டென்மார்க்கிலிருந்து வந்து இந்தப் பள்ளத்தாக்கில் வண்டியை அவிழ்த்த நாளிலிருந்து சும்மா இருக்கவில்லை. அவருக்குப் பதினொரு பிள்ளைகள். பதினொருவரும் அப்பா வழி தவறாதவர்கள். இப்போது ஊர்ப் பூங்கா போதவில்லை. எந்தப் பிள்ளையின் வம்சம் என்று தெரிவதற்காக வம்சத்துக்கு ஒரு நிறத்தில் டீ-ஷர்ட். எங்கள் வம்சத்துக்குப் பறங்கிக்காய் நிறம். அதைப் போட்டுக்கொண்டு நின்றால் என்னையே யாராவது நறுக்கிப் பாயசம் வைத்துவிடுவார்களோ என்றிருக்கும்.

காலையில் ஜெபம். பிறகு சாக்கு ஓட்டம். கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த சாவு வீட்டு உருளைக்கிழங்கு. எல்லாச் சாவு வீட்டிலும் அதைப் போடுவதால் அந்தப் பெயர். ஆனால் கல்யாணத்திலும் அதே கிழங்கைத்தான் எல்லோரும் சந்தோஷமாகத் தின்கிறோம். அதற்குப் பிறகு, குடும்பத் தலைவி தெல்டா அத்தை கொள்ளுத் தாத்தாவின் வரலாற்றை எடுத்து வாசிப்பாள். ஆரம்ப வருஷங்களில் தாத்தா கப்பலேறுவதற்குள் எனக்குக் கண் சொக்கிவிடும். பிறகு வந்த வருஷங்களில் அவர் மலை ஏறுவதற்குள் நான் வேறு மலை ஏறியிருப்பேன்.

அந்த மலைமேல் ஒரு ஏரி. ஏரியில் ஒரு படகு. என் அப்பா விட்டுப்போன பழைய தகரப் படகு, பச்சை வர்ணம், துறையில் கட்டியே கிடக்கும்.

நான் மீன் பிடிப்பதில்லை. தூண்டில் வைத்திருப்பேன், புழு மாட்டுவதில்லை. சும்மா கிடப்பவனைப் பார்த்தால் ஊர் பேசும். கையில் தூண்டில் இருந்தால் ஊர் பேசாது. படகில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்ப்பேன். அவ்வளவுதான். கோடையின் மற்றச் சனிக்கிழமைகளைச் சபையும், பேரப் பிள்ளைகளும், புல் வெட்டும் இயந்திரமும் பங்கு போட்டுக்கொள்ளும். அந்த ஒரு சனிக்கிழமைதான் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் சாரன்சன்களாகப் பூங்காவில் இருப்பார்கள். ஏரி காலியாக இருக்கும். எனக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள் போதும். அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் மற்ற நாட்களில் பேருந்தை ஓட்டுவேன், ஆனால் அது எங்கே போகிறது என்று கேட்காதீர்கள்.

பல வருஷம் இது ஒழுங்காக நடந்தது. ஜெபத்துக்குத் தலையைக் காட்டுவேன். சாக்கு ஓட்டம் தொடங்கும்போது நழுவுவேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பி, "என்ன வெயில்!" என்று பொதுவாகச் சொல்வேன். அந்தக் கூட்டத்தில் யார் யாரைத் தேடுவது?

பிறகு ஜெனீலுக்கு டிஜிட்டல் கேமரா வந்தது. கேமராவோடு கம்ப்யூட்டர் ஆல்பம் வந்தது. அந்த வருஷக் கூட்டம் முடிந்த மறுவாரம் அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கூப்பிட்டாள்.

"லவெல், ஒண்ணு கேக்கணும்."

"கேளேன்."

"இத்தனை படம் எடுத்திருக்கேன். எங்க மாமாவோட நாய் பாதிப் படத்துல இருக்கு. நீ ஒண்ணுலகூட இல்ல."

"நாய்க்கு எங்க நிக்கணும்னு தெரியும். எனக்குக் கூச்சம்."

"கூச்சமா? நம்ம கல்யாணப் படத்துல என்னை விட்டுட்டு கேக்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஆளு நீ."

"நான் உனக்குப் பின்னாலதான் நின்னேன், ஜெனீல். நாள் பூரா. கேமரா முன்னால பாக்கும். பின்னால பாக்குமா?"

அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

"சரி. அடுத்த வருஷம் முன்னால நில்லு. தெல்டா அத்தை கேக்கறாங்க, லவெல் உயிரோட இருக்கானான்னு."

என் சனிக்கிழமை போயிற்று என்று நினைத்தேன். ஆனால் ஜெனீலே எனக்கு வழி காட்டினாள், அவளுக்குத் தெரியாமல்.

வியாழக்கிழமை காலையில் சபைப் பெண்கள் மடிக்கணினிகளோடு எங்கள் கூடத்துக்கு வருவார்கள். ஜெனீல் அவர்களுக்கு ஆல்பம் செய்யக் கற்றுக்கொடுப்பாள். காலை வண்டியை ஓட்டிவிட்டு வந்த நான் சாய்வு நாற்காலியில் முகத்தின்மேல் பேப்பரைப் போட்டுக்கொண்டு கிடப்பேன். என்னை அவர்கள் சோபா மெத்தையாகப் பாவித்தார்கள். ஒரு தடவை ஒரு சிஸ்டர் என் வயிற்றின்மேல் கைப்பையை வைத்துவிட்டு, "ஐயோ, பிரதர் யென்சன்!" என்றாள்.

ஜெனீலின் குரல் பேப்பருக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது.

"இங்க பாருங்க. இதுதான் டெம்ப்ளேட். கண்ணாடித் தாளை ஒண்ணுமேல ஒண்ணா வெச்ச மாதிரி. அடியில பின்னணி. அதுக்கு மேல சட்டம். சட்டத்துக்குள்ள போட்டோ. அதுக்கு மேல ரிப்பன், பொத்தான், பூ. ஒவ்வொண்ணும் ஒரு அடுக்கு. பக்கத்துல சின்னதா ஒரு கண்ணு தெரியுதா? அதைத் தட்டினா அந்த அடுக்கு மறைஞ்சிடும். திரும்பத் தட்டினா வந்துடும்."

"ஜெனீல், எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு டியூட்டிக்குப் போயிட்டாரு. குடும்பப் படத்துல அவர் மட்டும் இல்ல. மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"அதுக்கென்ன? வேற படத்துலேருந்து அவரை மட்டும் வெட்டி ஒரு அடுக்கா வெச்சிடு. நின்ன மாதிரியே இருப்பாரு. நிழல் மட்டும் மத்தவங்க நிழல் விழுற பக்கமே விழணும். அதைவிட முக்கியம், சட்டத்துக்குள்ள போட்டோவை வெக்கும்போது..."

அதற்குமேல் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. 'நின்ன மாதிரியே இருப்பாரு' என்றாளே, அந்த இடத்திலேயே நான் படகில் கால் வைத்துவிட்டேன். பேப்பருக்குள் வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. தண்ணீர் தகரத்தில் மெல்லத் தட்டியது. நான் இரண்டாக இருந்தேன். ஒருவன் பூங்காவில் ஜெல்லி தின்றான். ஒருவன் ஏரியில் மிதந்தான். இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை.

ஆகஸ்ட் வந்தது. பறங்கிக்காய்ச் சட்டையைப் போட்டேன். ஜெபத்தில் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன். தெல்டா அத்தையின் கண்ணில் படும்படி ஒரு கரண்டி ஜெல்லியை வாயில் போட்டேன். சாக்குகளை எடுத்து வந்தார்கள். நான் இல்லை.

அந்த நாளை எப்படிச் சொல்வது? ஏரிக்குப் போன பிறகு நான் எதுவுமே செய்யவில்லை. செய்யாததை எல்லாம் நன்றாகச் செய்தேன். படகு தன்பாட்டுக்குத் திரும்பியது. மேலே ஒரு மேகம், அதற்கு மேலே மெல்லிசாக இன்னொரு மேகம், அதற்கும் மேலே வெறும் நீலம். மலை தண்ணீரில் தலைகீழாக நின்றது. அதன்மேல் ஒரு மீன் நீந்திப் போயிற்று. எல்லாமே அடுக்கடுக்காக இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். கண்ணை மூடினால் ஏரி மறைந்தது. திறந்தால் திரும்ப வந்தது. வேண்டும் என்றே பலமுறை மூடி மூடித் திறந்தேன். ஐம்பத்தெட்டு வயது ஆள் செய்யக்கூடிய வேலைதானா என்று கேட்டால், இல்லைதான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் என் சின்னக் கேமராவைக் கையை நீட்டிப் பிடித்து என்னை நானே ஒரு படம் எடுத்தேன். என் வாழ்க்கையிலேயே நான் நன்றாகச் சிரித்திருக்கும் படம் அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் வேலை தொடங்கியது. ஜெனீல் நூலகத்துக்குப் போவாள். என் காலைப் பேருந்து ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவில் வீடும் கம்ப்யூட்டரும் எனக்கு. முதலில் எனக்கு நானே பலவிதமாக வேண்டும். பக்கத்து வீட்டு எல்டனைக் கூப்பிட்டேன். வான்கோழிப் பண்ணைக்காரன். பறங்கிக்காய்ச் சட்டையோடு கொல்லைப்புறத்தில் நின்றேன். அவன் கேமராவைப் பிடித்தான்.

"சிரி."

"யாரைப் பாத்து?"

"உன் மாமியார் வீட்டு ஜனங்களைப் பாத்து."

"அப்ப சிரிப்பு வராதே."

"என் வான்கோழிங்களை நெனச்சுக்கோ. கூட்டமும் அதேதான், சத்தமும் அதேதான்."

சிரித்தேன். எடுத்தான். காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு ஜெல்லியை ரசித்தேன். எடுத்தான். இல்லாத குழந்தைக்குக் கை தட்டினேன். எடுத்தான்.

"இப்ப யார் தோள்மேலயாவது கை போட்ட மாதிரி நில்லு."

"யார் தோள்?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். கையைத் தூக்குடா."

தூக்கினேன். கை தானாக இறங்கி ஓர் இடத்தில் நின்றது.

"ஏன்டா இவ்வளவு கீழ? குள்ளனையா கட்டிப் பிடிக்கிற?"

"இதுக்கு மேல கை போக மாட்டேங்குது, எல்டன்."

அது ஜெனீலின் தோள் உயரம். என் கைக்கு வேறு தோள் பழக்கமில்லை.

பிறகு உட்கார்ந்தேன். ஜெனீல் பக்கங்களை ஏற்கெனவே முக்கால்வாசி முடித்து வைத்திருந்தாள். நான் ஒவ்வொன்றாகத் திறந்து என்னை உள்ளே விட்டேன். முதல் படத்தில் சாக்கு ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் ஓர் ஓரமாக நின்றேன். மரியாதையாக இருந்தது. அடுத்ததில் கொஞ்சம் முன்னால் வந்தேன். ஒருவன் தான் இல்லாத இடங்களில் எல்லாம் இருப்பதைப் பார்ப்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது. மதியம் எல்லாம் எனக்குக் கனவு மாதிரிப் போயிற்று. குழந்தைகள் விழுந்த இடத்தில் கை தட்டினேன். கிழங்குத் தட்டுகளுக்கு நடுவில் நின்றேன். தெல்டா அத்தை வரலாறு வாசிக்கும் படத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக் கேட்டேன். நாய் இருந்த படங்களில் எல்லாம் நாய்க்குப் பக்கத்தில் இருந்தேன். நாய்க்கே அலுத்திருக்கும்.

கை போட்ட படம் மட்டும் யாருக்கும் பொருந்தவில்லை. ஜெனீலின் அண்ணன் கர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் என் கை அவன் விலாவைக் கிச்சுக்கிச்சு மூட்டியது. தெல்டா அத்தைக்குப் பக்கத்தில் வைத்தால் அத்தையின் காதைப் பிடித்துத் திருகியது. சரி போ என்று அதன் கண்ணைத் தட்டி மறைத்துவிட்டேன். போய்விட்டது.

கடைசிப் பக்கத்தில் நடுவில் ஒரு பெரிய வட்டச் சட்டம் காலியாக இருந்தது. அதில் என் ஏரிச் சிரிப்பை வைத்தேன். வட்டத்துக்குள் முகம் மட்டும் தெரிந்தது. ஏரி போயிற்று, படகு போயிற்று, தூண்டில் போயிற்று. கத்தரிக்கோல்கூட இவ்வளவு சுத்தமாக வெட்டாது என்று கம்ப்யூட்டரைப் பாராட்டினேன்.

அன்று மாலை ஜெனீல் பக்கங்களைத் திறந்தாள். நான் சமையலறையில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

"லவெல்."

"ம்?"

"இந்த வருஷம் எல்லாப் படத்துலயும் நீதான் இருக்கே."

"நீதானே முன்னால நிக்கச் சொன்னே."

"எடுக்கும்போது நான் கவனிக்கவே இல்ல பாரேன்."

"உனக்கு எடுக்கறதுலயே கவனம். பாவம்."

"அத்தை வரலாறு வாசிச்சப்போ முதல் வரிசைலயா உக்காந்திருந்தே?"

"கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, ஜெனீல். தாத்தா கப்பலேறின எடத்துல."

"இந்தத் தடவை அவங்க கப்பலை விட்டுட்டு நேரா மலைலேருந்துதானே ஆரம்பிச்சாங்க?"

"அந்த மலைதான். மலைக்கு வந்தா கப்பல் ஞாபகம் வரத்தானே செய்யும்?"

"வரும் வரும்," என்றாள் ஜெனீல். அவ்வளவு இனிமையாக அவள் பேசிப் பல நாள் ஆகியிருந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இனி ஆயுசுக்கும் ஆகஸ்ட் மாதம் எனக்குத்தான் என்று அந்தத் தட்டை நாலாவது முறையாகத் துடைத்தேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் குடும்பத்தின் மூத்த ஆட்கள் தெல்டா அத்தை வீட்டில் கூடினார்கள். ஆல்பத்தைப் பெரிய தொலைக்காட்சியில் போட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் நான். ரிப்பனுக்குக் கீழே நான். பொத்தானுக்குப் பின்னால் நான். கடைசியில் வட்டத்துக்குள் பெரிதாக நான். அத்தை கைக்குட்டையை எடுத்தாள்.

"இந்தச் சிரிப்பைப் பாருங்க. நம்ம ரத்தத்துல பொறந்த பசங்க வந்ததும் ஒரு வாய் ஜெல்லியத் தின்னுட்டு எப்படா ஓடலாம்னு பாக்கறானுங்க. இவன் வந்த மாப்பிள்ளை. எங்க பாத்தாலும் நிக்கறான். இவ்வளவு ஆசையா குடும்பத்துக்கு நடுவுல இருக்கற ஆளை நான் பாத்ததே இல்ல."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலைமேல் ஒரு மேகம் மெதுவாக நகர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அந்த மேகம் இப்போது ஏரிக்கு மேலே போகும் என்று யோசித்தேன். நிழல் தண்ணீரில் விழும். படகுமேல் விழும். அத்தையின் குரல் எங்கேயோ தொலைவில் ஓடிக்கொண்டிருந்தது.

"...ஆதரிக்கிறவங்க வலது கையைத் தூக்கிக் காட்டுங்க."

இதை நான் விளக்க வேண்டும். எங்கள் சபையில் யாருக்கு என்ன பொறுப்புக் கொடுத்தாலும் இப்படித்தான் கேட்பார்கள். எல்லோரும் கை தூக்குவோம். மறுத்து யாரும் தூக்கி நான் பார்த்ததில்லை. எட்டு வயதிலிருந்து தூக்கித் தூக்கி என் கைக்கு அந்த வாக்கியம் பழகிவிட்டது. அது என்னைக் கேட்பதில்லை.

கூடம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. அதில் மிக உயரமாக இருந்தது என்னுடையது.

"தன் பேருக்குத் தானே கை தூக்கறான் பாருங்க!" என்று அத்தை தழுதழுத்தாள். "அடுத்த வருஷக் கூட்டத்துக்குத் தலைவர் லவெல் யென்சன். காலை ஜெபத்துலேருந்து ராத்திரி மேஜை மடக்கற வரைக்கும் எல்லாப் பொறுப்பும் இவனுது!"

கை இறங்க மறுத்தது. கர்ட்தான் எட்டி இறக்கிவிட்டு, அதே கையைப் பிடித்துக் குலுக்கினான்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தேன்.

"ஜெனீல், அத்தைகிட்ட சொல்லி இதை மாத்தணும்."

"ஏன்? உனக்குத்தான் குடும்பம்னா உசிராச்சே."

"நான் அந்த அளவுக்குத் தகுதியான ஆள் இல்ல."

"எல்லாப் படத்துலயும் நீதான் நிக்கற. வேற யாருக்குத் தகுதி?"

"படத்துல நிக்கறது வேற..."

"வேறன்னா?"

வீடு வரும்வரை இரண்டு பக்கமும் யோசித்தேன். பொய்யைக் காப்பாற்றினால் சனிக்கிழமை போகும். உண்மையைச் சொன்னால் மானம் போகும். மானம் போனால் போகட்டும், அது வருஷம் முழுக்க இருக்கிறது. சனிக்கிழமை ஒன்றே ஒன்றுதான் என்று கடைசியில் முடிவுக்கு வந்தேன்.

"நான் அங்க இல்ல, ஜெனீல்," என்றேன், வாசல் கதவைத் திறக்கும்போது. "எல்லாம் ஒட்டு."

அவள் அதிர்ச்சி அடையவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டினாள். கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்து, "இப்படி வா," என்றாள்.

கடைசிப் பக்கம் திறந்தது. வட்டத்துக்குள் நான் சிரித்தேன். அவள் என் மூக்கின்மேல் மவுஸை வைத்து அழுத்தி, மெதுவாக இழுத்தாள்.

என் முகம் நகர்ந்தது. பின்னாலேயே ஒரு துண்டு நீலம் வந்தது. பிறகு தலைகீழாக ஒரு மலை வந்தது. படகின் பச்சை விளிம்பு வந்தது. புழு மாட்டாத தூண்டில் வந்தது. போய்விட்டது என்று நான் நினைத்த ஏரி முழுவதும், கொஞ்சம் கொஞ்சமாக, அந்த வட்டத்துக்குள் மிதந்து வந்தது. மாட்டிக்கொண்ட நேரத்திலும் எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"சட்டம் எதையும் வெட்டாது, லவெல். மறைக்கத்தான் செய்யும். முழுப் படமும் அடியிலயே இருக்கும். வியாழக்கிழமை அதைத்தான் சொன்னேன். நீ பேப்பருக்குள்ள குறட்டை விட்டுக்கிட்டு இருந்தே."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"பாத்த அன்னைக்கே. ஊருக்கெல்லாம் நிழல் வலது பக்கம் விழுது. உனக்கு மட்டும் இடது பக்கம். உனக்குன்னு தனியா ஒரு சூரியன் வெச்சிருக்கியா?"

"ஆனா டிவில எல்லாம் சரியா இருந்துச்சே?"

"நான்தான் உக்காந்து ஒவ்வொரு நிழலா மாத்திப் போட்டேன். என் புருஷன் அரைகுறையா ஒட்டியிருக்கான்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல?"

அவள் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"இதுல யார் இல்லன்னு பாரு."

பார்த்தேன். கர்ட் இருந்தான். அத்தை இருந்தாள். நாய் இருந்தது. நான் தேவைக்கு மேலேயே இருந்தேன். ஜெனீல் இல்லை. அந்தப் பக்கங்களில் மட்டும் இல்லை. அவள் பழைய ஆல்பங்களையும் திறந்தாள். எந்த வருஷத்திலும் இல்லை. எல்லாப் படத்தையும் எடுத்தவள் எந்தப் படத்தில் இருப்பாள்?

"அத்தனை மத்தியானம் உக்காந்து உன்னை எல்லா எடத்துலயும் ஒட்டினே. ஒரு எடத்துலகூட என்னை வெக்கணும்னு தோணல உனக்கு."

எனக்கு உள்ளுக்குள் வலித்தது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே வலித்தது. "நாளைக்கே அத்தைகிட்ட போய் உண்மையைச் சொல்லிடறேன்," என்றேன்.

"சொல்லேன். எங்க போயிருந்தேன்னு கேப்பாங்க. ஏரிக்குன்னு சொல்லு. அவ்வளவு நல்ல எடமான்னு கேப்பாங்க. அடுத்த வருஷம் பூங்கா வேண்டாம், கூட்டத்தை ஏரிலயே வெச்சுக்கலாம்பாங்க. எல்லாரும் கை தூக்குவாங்க. உன் கைதான் முதல்ல தூக்கும்."

ஏரிக்கரை நெடுகச் சாரன்சன்கள். என் படகில் அந்த நாய். தண்ணீரில் பச்சை ஜெல்லி. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அப்ப என்ன பண்றது?"

"நீ தலைவரா இரு. ஏரி ஏரியாவே இருக்கட்டும்." எழுந்து போகிறவள் நிலவறைப் படியில் நின்று திரும்பினாள். "துடுப்பு கீழ, பஞ்சத்துக்குன்னு சேத்து வெச்ச கோதுமை வாளிங்களுக்குப் பின்னாலதானே ஒளிச்சு வெச்சிருக்கே?"

மறு ஆகஸ்ட் வந்தது. காலை ஜெபத்தை நானே சொன்னேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது கேமரா கர்ட்டின் கழுத்தில் தொங்கியது. ஜெனீல் இல்லை. கழுத்தில் விசிலோடு நாள் முழுக்க ஓடினேன். சாக்கு கிழிந்தது. கிழங்கு தீய்ந்தது. அத்தை இம்முறை கப்பலிலிருந்தே ஆரம்பித்தாள். முதல் வரிசையில், தலைவருக்கென்று போட்ட நாற்காலியில், விழித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அண்ணாந்து பார்த்தேன். ஒரு மேகமும், அதற்கு மேலே மெல்லிசாக இன்னொரு மேகமும் மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தன.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஜெனீல் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

"என்ன வெயில்!" என்றாள் பொதுவாக.

ஜெனீல் ஆல்பம் அனுப்பிய வாரம் தெல்டா அத்தை போன் செய்தாள்.

"லவெல் கண்ணா, பாத்தேன்டா. ஜெனீல் நாள் பூரா உன் பக்கத்தை விட்டு அசையவே இல்லையே! நீ அவ தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கற படம் இருக்கே, அப்பா! என்ன ஒரு ஒத்துமை! இந்த ஜோடிய விட்டா வேற யாரு? அடுத்த வருஷமும் நீதான். இங்க எல்லாரும் கை தூக்கியாச்சு."

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நான் கண்ணைத் தட்டி மறைத்து, போய்விட்டது என்று நினைத்த அந்தக் கொல்லைப்புறப் படம்தான். என் கைக்கு அடியில் ஜெனீலின் தோள் அச்சு மாதிரிப் பொருந்தியிருந்தது. ஏரி வெயிலில் சிவந்த மூக்கோடு சிரித்தாள். இரண்டு நிழலும் ஒரே பக்கம் விழுந்திருந்தன.

அவள் அடுக்குக்குப் பக்கத்தில் இருந்த கண்ணை மெல்லத் தட்டினேன். ஜெனீல் ஏரிக்குப் போய்விட்டாள். வெறும் புல்வெளியில், காற்றின் தோளில் கை போட்டுக்கொண்டு, அடுத்த வருஷத் தலைவர் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.